விளக்குமாறு கட்டிக்கிட்டே டிகிரி படிக்கற ஊரு

எல்லாருக்கும் வணக்கம். லாங் வீக்கெண்ட் வந்தா போதும், ஒஹாயோ பக்கம் இருக்கற நம்மாளுங்க கூலர் பாக்ஸ்ல புளியோதரைய கட்டிக்கிட்டு ஐ-75 ஹைவேல நேரா தெக்க எறங்கி ஸ்மோக்கி மவுண்டன் போய்டுவோம், நடுவுல கென்டக்கில லெக்சிங்டன் தாண்டி ஒரு 40 மைல்ல பெரீயான்னு ஒரு சின்ன ஊரு வரும், அத யாரும் திரும்பிக்கூட பாக்கறதில்ல. இன்னைக்கு அந்த ஊர பத்திதான் பேசப்போறேன்.

அங்க காலேஜ்தான் ஊரு. அடிமை முறை சட்டப்படியே நடந்துக்கிட்டிருந்த மாநிலத்துல, அத எதிர்த்த ஜான் ஃபீங்கற பாதிரியார் 1855ல ஆரம்பிச்சது. உள்நாட்டுப் போர் முடிஞ்சதும் கருப்பினப் பசங்களும் வெள்ளக்காரப் பசங்களும் ஒரே கிளாஸ்ல உக்காந்து படிச்சாங்க. 1904ல கென்டக்கி மாநில அரசாங்கமே அதுக்குத் தடைச் சட்டம் போட்டுச்சு, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயும் காலேஜ் தோத்துப்போச்சு, 1950ல சட்டத்த மாத்தின பிறகுதான் திரும்ப சேர்த்துக்க முடிஞ்சது. இன்னொரு விஷயம், 1892லேர்ந்து அங்க டியூஷன் ஃபீஸே வாங்கறதில்ல! ஆனா படிக்கற ஒவ்வொருத்தரும் வாரத்துக்கு குறைஞ்சது 10 மணி நேரம் ஏதாவது வேல செஞ்சாகணும்.

அந்த வேலைங்கள்ல ஒண்ணுதான் விளக்குமாறு கட்டறது, 100 வருஷத்துக்கு மேல நடக்குது. அதுக்கு எடுக்கற பயிரு சோள வகைதான், ஆனா கதிரு நீள நீளமா ஈர்க்கு மாதிரி பிரிஞ்சு நிக்கும், அத கைப்பிடி கட்டைல அடுக்கடுக்கா வெச்சு, கட்டைய சுத்தச் சுத்த இழுத்துப் புடிச்சு இறுக்கி, அப்புறம் தட்டையா அமுக்கி தடி நூலால தைக்கறாங்க. செய்யறது யாருன்னு பாத்தா நாளைக்கு கெமிஸ்ட்ரி பரீட்ச இருக்கற ஒரு பொண்ணு. சாயம் போட்ட கலர் கலர் துடைப்பம், வில கொஞ்சம் கூடத்தான், நம்ம வீட்ல கதவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெக்கறத அவங்க ஹால்ல மாட்டி வெக்கறாங்க. தறியும் மரவேலையும் இருக்கு, பாருங்க, ஆனா எனக்கு துடைப்பத்த விட்டு நகர மனசு வரல.

மத்தியானம் பூன் டேவர்ன்ல சாப்பிடலாம், 1909ல கட்டின ஹோட்டல், அதுவும் காலேஜோடதுதான். ஸ்பூன்பிரெட் கேளுங்க. மக்காச்சோள மாவு, பால், முட்டை போட்டு பேக் பண்றது, பேருதான் பிரெட், ஸ்பூன்ல அள்ளித்தான் சாப்பிடணும். முட்டை சேக்காதவங்க உஷாரா கேட்டுக்குங்க.

மலை ஏறணும்னா ஊருக்குக் கெழக்கால கொஞ்ச தூரத்துல பினகிள்ஸ். அதுவும் காலேஜோட காடுதான், டிக்கெட் கிடையாது. அடிவாரத்துலேர்ந்து பாதை பிரிஞ்சு பிரிஞ்சு போகும், முதல் தடவைன்னா ஈஸ்ட் பினகிள் போங்க, காட்டுக்குள்ளயே மூச்சு வாங்க ஏறிட்டு திடீர்னு பாறை வந்து நிக்கும், கீழ ஒரு பக்கம் சமவெளி, இன்னொரு பக்கம் அப்பலாச்சியன் மலை ஆரம்பிக்குது. விளிம்புல செல்ஃபி வேண்டாம், குழந்தைங்க கைய விட்றாதீங்க. அக்டோபர் கடைசில இல நெறம் மாறும்போது போனா நல்லாருக்கும்.

டைமே இல்லங்கறவங்களுக்கு எக்ஸிட் 77ல எறங்கின உடனேயே கென்டக்கி ஆர்ட்டிசன் சென்டர்னு கைவினைப் பொருள் விக்கற எடம் இருக்கு, ரெஸ்ட் ரூம் போய்ட்டு அப்படியே சுத்திப் பாக்கலாம், ஆனா அத மட்டும் பாத்துட்டு பெரீயா போய்ட்டு வந்தேன்னு எங்கிட்ட சொல்லாதீங்க.