தரம் ஒன்றுக்கு எந்தப் பாடசாலை?

(திருகோணமலை பாலையூற்றில் பெற்றோர் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வரும் கிழமையில் எங்கள் ஊர்ப் பாடசாலை மதில்களைப் பார்த்திருப்பீர்கள். சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களோடு பதாகை தொங்கும். தரம் ஒன்றுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதை எங்களில் பாதிப்பேர் அந்தப் பதாகையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறோம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். டவுனில் ஒரு பெரிய பாடசாலை: 180 பிள்ளைகள் எழுதி 60 பேர் வெட்டுப்புள்ளிக்கு மேல். மூதூர்ப் பக்கம் ஒரு சிறிய பாடசாலை: ஆறு பேர் எழுதி இரண்டு பேர். இரண்டும் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் பதாகையில் 60 முகம் ஒரு பக்கம், இரண்டு முகம் மறுபக்கம். டவுன் பிள்ளைகளில் எத்தனை பேர் பின்னேரம் டியூசனுக்குப் போனார்கள் என்பதும் அதில் இல்லை. இந்தப் பரீட்சையே உதவித்தொகைக்கும் பெரிய பாடசாலைகளுக்கும் பிள்ளைகளைத் தெரிவு செய்ய வைப்பது. பாடசாலைக்குப் புள்ளி போடும் வேலையை அதன் தலையில் கட்டியது நாங்கள்தான்.

சரி, வேறு எதைப் பார்ப்பது? நான் என்றால் கொப்பியைப் பார்ப்பேன். கெட்டிக்காரப் பிள்ளையின் கொப்பி வேண்டாம். அதை யாரும் காட்டுவார்கள். தரம் மூன்றில் நடுத்தரமான நாலைந்து பிள்ளைகளின் தமிழ்க் கொப்பியை, தெரிந்த வீடுகளில் கேட்டு வாங்கிப் பாருங்கள். 'எங்கள் வீட்டுப் பசு' என்று ஐந்து வசனம் இருக்கும். எல்லாக் கொப்பியிலும் அதே ஐந்து வசனம், அதே ஒழுங்கில், ஒரு பிழையும் இல்லாமல் இருந்தால், அது கரும்பலகையில் ரீச்சர் எழுதியது. ஒரு பிள்ளை 'எங்கட மாடு வேலியைப் பிச்சுக்கொண்டு ஓடினது' என்று பிழையோடு எழுதி, சிவப்புப் பேனை அதைத் திருத்தியிருந்தால், அந்த வகுப்பில் படிப்பு நடக்கிறது. என் பேரப்பிள்ளையை நான் அங்கேதான் விடுவேன்.

அடுத்தது ஆசிரியர். ஒருவரே இரண்டு வகுப்பை ஒன்றாக வைத்துப் படிப்பிக்கும் பாடசாலைகள் எங்கள் மாவட்டத்தில் உண்டு. அதற்காக அவற்றைக் கழித்துவிட வேண்டாம். பழகிய ஆசிரியர் அதை அருமையாகச் செய்வார். ஆனால் தரம் ஒன்றுக்கு மாதக்கணக்கில் ஆளே இல்லை என்றால், பிள்ளையை வேறிடம் கொண்டுபோகும் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். 'அண்மையில் உள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை' என்று அரசாங்கம் சொன்னது. நல்ல பேச்சுத்தான். அதைச் சொல்கிறவர்கள் அந்தப் பாடசாலைக்கு முதலில் ஆசிரியரை அனுப்பட்டும்.

தூரத்தையும் யோசியுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையை நிலாவெளியிலிருந்து காலை ஆறு மணிக்கே வான் வண்டியில் ஏற்றினால், முதல் பாடத்திலேயே அது தூங்கி வழியும். டவுன் பாடசாலைக்குத் தூரத்தை வைத்து விண்ணப்பிக்கும்போதும், இடையில் ஆரம்பப் பிரிவுள்ள வேறு பாடசாலைகள் இருந்தால் அனுமதிக்கான புள்ளி குறையும். அதற்காக டவுனில் ஒரு விலாசம் தேடி அலைகிறோம், வாடகை ஒப்பந்தம் எழுதுகிறோம். அந்தக் கதையை இங்கே விரிக்க வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

இனி நீங்கள் கேட்கலாம். வலயக் கல்விப் பணிமனையில் இருந்து வந்தவரும் முன்வரிசையில் இருக்கிறார். ஆசிரியர் வெற்றிடம் பற்றிய கேள்விகளை அவரிடமே கேளுங்கள்.