கடலடிக் குளிரும் ஒரு வாளியும்

தலைவர் ஐயா அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, ஒலிபெருக்கி இரையும்போதெல்லாம் ஓடிவருகிற தம்பியே, எல்லோருக்கும் வணக்கம்.

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள். இன்றைய பேச்சே ஆழம்தான். ஆழ்கடல் நீர் எங்கே பிறக்கிறது, தட்பவெப்பத்தை என்ன செய்கிறது, மீனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று மூன்று விஷயங்கள் வைத்திருக்கிறேன்.

1751-இல் ஹென்றி எல்லிஸ் என்றொரு ஆங்கிலேயக் கப்பல் தலைவர். அடிமைகளை ஏற்றும் கப்பல். அந்தப் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். அட்லாண்டிக்கின் வெப்பப் பகுதியில் போகிறார். மேலே சுமார் 29 டிகிரி. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் வடிவமைத்த வாளி கையில் இருக்கிறது. இறங்கும்போது அதன் கதவுகள் திறந்திருக்கும், இழுத்தால் மூடிக்கொள்ளும். உள்ளே ஒரு வெப்பமானி. கயிற்றை விடுகிறார், விடுகிறார், ஒரு மைலுக்கும் மேல் விடுகிறார்! இழுத்துப் பார்த்தால் 12 டிகிரிகூட இல்லை. உடனே மனிதர் என்ன செய்தார்? அந்தத் தண்ணீரில் குளித்தார். ஒயினையும் அதிலேயே குளிரவைத்தார்! (சிரிப்பு)

அந்தக் குளிர் துருவங்களிலிருந்து வருகிறது என்று பிற்பாடு ரம்ஃபோர்டு பிரபு ஊகித்தார். சரியான ஊகம். அண்டார்டிகாவின் வெடல் கடலில் நீர் உறையும்போது உப்பு பனிக்கட்டியில் தங்காமல் வெளியேறுகிறது. நிலத்திலிருந்து வீசும் காற்று பனியைத் தள்ளிக்கொண்டே போக, புதிது புதிதாக உறைகிறது. மிஞ்சிய நீர் உப்பும் குளிரும் ஏறிக் கனத்து, சரிவில் வழிந்து அடிக்குப் போய் வடக்கே பரவுகிறது. நம் வங்கக் கடலின் அடிக்குளிரும் அந்த வழியில் வந்ததுதான்.

இப்படி மூழ்கும் நீர் கரியமில வாயுவையும் வெப்பத்தையும் கீழே கொண்டுபோகிறது. நாம் கூட்டிவிட்ட வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடல்தான் வாங்கியிருக்கிறது. பனிப்பாறை உருகி நன்னீர் கலந்தால் உப்பு குறையும், மூழ்குவதும் தளரும். ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறோம் ஐயா!

தெரிந்துகொள்ள என்ன வேண்டும்? எல்லிஸிடம் இருந்தது ஒரு வாளி, ஒரு வெப்பமானி. நம் பள்ளிகள் எத்தனையில் உடையாத வெப்பமானி இருக்கிறது? ஆய்வக அறை இருக்கும், பூட்டியிருக்கும். உள்ளே பழைய பெஞ்சு அடுக்கியிருக்கும். கடலோரப் பிள்ளைக்குக் கடலை அளந்து பார்க்க ஒரு கருவி கிடையாது! ஒவ்வொரு பள்ளிக்கும் ஆய்வகம், அதற்கொரு ஆய்வக உதவியாளர். இதைத்தான் போகிற மேடையெல்லாம் கேட்கிறேன்.

மீன் விஷயம் அடுத்த கூட்டத்துக்கு. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் தேநீருக்குப் போங்கள்.