16 எம்பி ஹெட்டர் பேக்கப்பை 284 கேபியில் அடக்குவது எப்படி

லினக்ஸில் லக்ஸ் என்ற முறையில் என்கிரிப்ட் செய்த டிஸ்க்கின் ஹெட்டர், அதாவது அதன் தொடக்கத்தில் உள்ள விவரப் பகுதி, அழிந்துவிட்டால், கடவுச்சொல் சரியாக நினைவிருந்தாலும் தரவை மீட்க முடியாது. தரவைத் திறக்கும் மூலச் சாவி, கடவுச்சொல்லால் பூட்டப்பட்ட நிலையில், அந்த ஹெட்டருக்குள்தான் இருக்கிறது. ஆகவே கிரிப்ட்செட்டப் கருவியைக் கொண்டு ஹெட்டரை மட்டும் தனியாக பேக்கப் எடுத்து வைப்பது வழக்கம்.

[திரையில்: பேக்கப் கோப்பின் அளவு, 1,67,77,216 பைட்]

லக்ஸ் 2 வடிவத்தின் இயல்பான அமைப்பில் இந்தக் கோப்பு 16 எம்பி இருக்கும். ஒரே ஒரு மடிக்கணினி வைத்திருப்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் 500 மடிக்கணினிகளைப் பராமரிக்கும் அலுவலகத்தில் ஒரு சுற்று பேக்கப் எடுத்தாலே ஏறத்தாழ 8 ஜிபி ஆகிவிடுகிறது.

சுருக்கிவிடலாமே என்று ஜிசிப் போன்ற கருவியிடம் கொடுத்தால், அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். காரணம் கோப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. முதல் 32 கேபியில், சாவிகளைப் பற்றிய விவரக் குறிப்பு ஜேசான் வடிவில் இரண்டு பிரதிகளாக எழுதப்பட்டிருக்கிறது; இந்தப் பகுதி நன்றாகவே சுருங்கும். மீதி முழுவதும் கீ ஸ்லாட்டுகளுக்கு, அதாவது கடவுச்சொல் ஒவ்வொன்றாலும் பூட்டிய மூலச் சாவியை வைக்கும் அறைகளுக்கு, ஒதுக்கிய இடம். டிஸ்க்கை முதன்முறை ஃபார்மேட் செய்யும்போதே கிரிப்ட்செட்டப் அந்த இடத்தைத் தற்போக்கான, அதாவது எந்த ஒழுங்கும் இல்லாத, பைட்டுகளால் நிரப்பிவிடுகிறது. அதனால் ஒரே ஒரு கடவுச்சொல் வைத்திருந்தாலும், காலியாகக் கிடக்கும் பதினைந்தரை எம்பிக்கு மேற்பட்ட இடமும் சாவி இருக்கும் இடமும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். தற்போக்கான பைட்டுகளை எந்தக் கருவியாலும் சுருக்க முடியாது.

பயன்பாட்டில் உள்ள ஒரு ஸ்லாட்டும் சிறியதல்ல. மூலச் சாவியின் நீளம் வெறும் 64 பைட். அது 4,000 துண்டுகளாக விரிக்கப்பட்டு 2,56,000 பைட்டாகி, 4,096-இன் மடங்காக உயர்த்தப்பட்டு 2,58,048 பைட்டை அடைத்துக்கொள்கிறது. லக்ஸை வடிவமைத்த கிளெமென்ஸ் ஃப்ருவிர்த் இதைக் காரணத்தோடுதான் செய்தார். டிஸ்க்கில் அழித்ததாக நாம் நம்பும் ஏதோ ஒரு செக்டார் எங்கேனும் தப்பிப் பிழைத்திருந்தாலும், மற்ற துண்டுகளில் ஒரு பகுதி அழிந்திருந்தாலே சாவியை மீண்டும் கூட்டிச் சேர்க்க முடியாதபடி இந்த விரிப்பு அமைந்திருக்கிறது. எனவே இந்தப் பகுதியில் கை வைக்கக் கூடாது. வெட்ட வேண்டியது இதற்குப் பின்னால் வரும் வெற்றிடத்தை மட்டுமே.

[திரையில்: லக்ஸ்டம்ப் கட்டளையின் வெளியீடு, தொடக்கம் 32,768, நீளம் 2,58,048 என்ற இரு வரிகள் தனித்துக் காட்டப்படுகின்றன]

லக்ஸ்டம்ப் கட்டளை ஒவ்வொரு ஸ்லாட்டும் எந்த பைட்டில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதைச் சொல்கிறது. இரண்டையும் கூட்டினால் 2,90,816. கோப்பின் முதல் 2,90,816 பைட்டை மட்டும் ஹெட் கட்டளையால் வெட்டி எடுத்துக்கொண்டால் 284 கேபிதான் வரும். 500 மடிக்கணினிகளுக்கும் சேர்த்து 140 எம்பிகூட ஆகாது. இரண்டு கடவுச்சொற்கள் இருந்தால் வெட்டும் இடம் வழக்கமாக 5,48,864 ஆகும். ஆனால் ஸ்லாட்டுகளைச் சேர்த்தும் நீக்கியும் வந்த டிஸ்க்கில் பயன்பாட்டில் உள்ள ஸ்லாட் நடுவிலோ கடைசியிலோ இருக்கக்கூடும் என்பதால், எண்ணை மனப்பாடமாகப் போடாமல், ஒவ்வொரு டிஸ்க்கிலும் லக்ஸ்டம்ப்பைப் பார்த்து, எல்லாவற்றிலும் தொலைவில் முடியும் ஸ்லாட்டின் முடிவில் வெட்ட வேண்டும்.

மீட்கும்போது, வெட்டிய கோப்பை ட்ரங்கேட் கட்டளையால் பழைய 1,67,77,216 பைட் அளவுக்கு நீட்டினால் மீதி இடம் சுழியங்களால் நிரம்பும். ஹெட்டரின் சரிபார்ப்புத் தொகை விவரக் குறிப்பை மட்டுமே உள்ளடக்குவதால், காலி ஸ்லாட்டுகளில் சுழியம் இருப்பதை கிரிப்ட்செட்டப் பொருட்படுத்தாது. முழு அளவு எவ்வளவு என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைப்பது நல்லது. வெட்டியவுடனேயே இப்படி ஒருமுறை நீட்டிச் சோதித்துவிட வேண்டும்; அதற்காக நீட்டிய கோப்பை டிஸ்க்கில் எழுத வேண்டாம். அதைத் தனி ஹெட்டராகக் கொடுத்து, கடவுச்சொல்லை மட்டும் சோதிக்கும் வசதியால் திறந்து பார்த்த பிறகே அசல் பெரிய கோப்பை நீக்கலாம்.

புதிதாக ஃபார்மேட் செய்யும் டிஸ்க் என்றால், கீ ஸ்லாட் பகுதியையே சிறியதாக அமைக்கத் தேர்வு உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பின்னாளில் டிஸ்க்கை மறு என்கிரிப்ஷன் செய்ய அந்தக் காலியிடம் தேவைப்படும்.

வாராவாரம் பேக்கப் எடுப்பதும் வீண்வேலைதான். கடவுச்சொல், ஸ்லாட் போன்ற லக்ஸ் அமைப்புகளை மாற்றும்போதுதான் இந்த ஹெட்டர் மாறுகிறது. அப்போது புதிய பேக்கப் எடுத்து, பழையதை எல்லா இடங்களிலிருந்தும் அழிக்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றினாலும் மூலச் சாவி மாறுவதில்லை என்பதால், பழைய பேக்கப்பும் பழைய கடவுச்சொல்லும் ஒருவர் கையில் சேர்ந்தால் இன்றைய டிஸ்க்கையும் அவரால் திறக்க முடியும். அப்படி ஒரு பிரதி வெளியே போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், மூலச் சாவியையே மாற்றும் மறு என்கிரிப்ஷனைச் செய்துவிட்டு, அதற்குப் பின் புதிய ஹெட்டரை பேக்கப் எடுக்க வேண்டும்.