வால் சொல்வதும் சொல்லாததும்

எல்லோருக்கும் வணக்கம். பறக்கும் பறவையை எப்படி இனங்காண்பது என்று இன்றைக்குப் பார்ப்போம். முதலில் நான் அவமானப்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கொழும்பு காலிமுகத்திடலில் ஒரு பின்னேரம். பட்டங்களுக்கும் மேலே மண்ணிறப் பருந்து ஒன்று வட்டமடித்தது. "இது கரும்பருந்து" என்று மருமகனுக்கு விளக்கம் கொடுத்தேன். அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாமா, வால் வட்டமாக இருக்குதே?" என்றான். அது இளம் செம்பருந்து! வெள்ளைத் தலையும் செங்காவி உடம்பும் வரும்வரை அதுவும் மண்ணிறம்தான். கரும்பருந்தின் வால் நடுவில் வெட்டுண்டு மீன்வால்போல இருக்கும். மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அது பழகிய பறவை. ஒரு சிக்கல்: திரும்பும்போது வாலை விசிறியாக விரித்தால் அந்த வெட்டு மறைந்துவிடும். நேராகப் பறக்கும்வரை பொறுத்திருந்து வடிவாகப் பாருங்கள்.

சரி, வாலைப் பார்த்தால் போதுமா? இங்கே வெள்ளவத்தை மொட்டைமாடியில் நின்றால் அதுவும் கைகொடுக்காது. மேலே பறக்கும் இரண்டு சின்னப் பறவைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: தகைவிலானுக்கும் (swallow) பிளந்த வால், பனை உழவாரனுக்கும் (palm swift) பிளந்த வால். முன்னது குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் விருந்தாளி, பின்னது வருடம் முழுக்க நம்மோடு இருப்பது. (உழவாரன் என்றதும் எனக்கு அப்பர் சுவாமிகளின் கையிலுள்ள உழவாரப்படைதான் ஞாபகம் வரும்.)

இங்கே சிறகைப் பாருங்கள். தகைவிலான் ஒவ்வொரு அடிக்கும் சிறகைப் பின்னுக்கு மடித்து இழுக்கும், துடுப்பு வலிப்பதுபோல. உழவாரனின் சிறகு ஒல்லியான அரிவாள், மடங்குவதாகவே தெரியாது. படபடவென அடிக்கும், அப்புறம் விறைப்பாக வழுக்கிக்கொண்டு போகும்.

இன்னும் சந்தேகமா? கரண்ட் கம்பியில் வந்து குந்தினால் அது உழவாரன் இல்லை. அதன் குட்டைக் கால் தொங்கிப் பிடிக்கத்தான் உதவும். பனையோலையின் அடியில் இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிக் கூடு வைக்கும். முட்டையையும் ஒட்டிவிடும், இல்லாவிட்டால் காற்றில் ஓலை ஆடும்போது விழுந்துவிடும் அல்லவா?

கொக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. கால்வாய்க்கு மேலே வெள்ளைக்கொக்கு பறந்தால் பின்னால் நீட்டிய காலைப் பாருங்கள். கறுப்புக் காலில் மஞ்சள் பாதம் தெரிந்தால் அது சின்ன வெள்ளைக்கொக்கு.

இப்போது மணி ஐந்தாகிறது, உழவாரன்கள் வெளியே இரை தேடும் நேரம். மாடிக்கு ஏறுவோம். இருப்பது இரண்டு தொலைநோக்கிதான், சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள்.