வெளியே போனவர் திரும்பி வரும் ஆட்டம்

(கிராம இளைஞர் மன்றப் பொறுப்பாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மன்றத் தலைவர்களே, செயலாளர்களே, பொருளாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வரவு செலவுக் கணக்குக்கும், மரக்கன்று நடுவதற்கும், இரத்த தான முகாமுக்கும் நேரம் குறித்துவிட்டு, கடைசி வரியில் ‘விளையாட்டு’ என்று மட்டும் எழுதி வைக்கும் வழக்கம் பல மன்றங்களில் இருக்கிறது. என்ன ஆட்டம், எத்தனை பேர் ஆடுவார்கள், யார் நடத்துவார் என்பதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. கேரம் பலகையில் நால்வர் ஆட, மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். அல்லது நன்றாக ஆடத் தெரிந்த சிலர் பந்தோடு மைதானத்துக்குப் போய்விட, புதிதாகச் சேர்ந்தவர் கைப்பேசியோடு ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார். அவரை மனத்தில் வைத்துத்தான் கூட்டத்தின் விளையாட்டைத் திட்டமிட வேண்டும் என்று உங்களிடம் கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், அதில் ஆட்டமிழந்தவர் அதன்பின் என்ன செய்வார் என்று கேளுங்கள். மியூசிக்கல் சேரை எடுத்துக்கொள்வோம். கூச்சப்படுகிறவரும் மெதுவாக நகர்கிறவரும் முதல் சுற்றிலேயே வெளியேறி, இறுதிவரை வேடிக்கை பார்க்கிறார்கள். யாருக்குப் பழக்கமும் பயிற்சியும் அதிகம் தேவையோ, அவருக்கே ஆடும் நேரம் குறைவாகக் கிடைக்கிறது. நாற்காலியை மட்டும் குறைத்து, ஆளை வெளியேற்றாமல், மீதியுள்ள நாற்காலிகளில் எல்லோரும் எப்படியாவது இடம்பிடிக்க வேண்டும் என்று விதியை மாற்றினால், அதே பாட்டில், அதே நாற்காலிகளில் மன்றம் முழுவதும் சிரித்துக்கொண்டு ஆடும்.

நம் கபடியில் இந்த அறிவு விதியாகவே இருக்கிறது. பாடிச் சென்றவரைப் பிடித்தாலோ, அவர் எதிரணியில் ஒருவரைத் தொட்டுத் திரும்பினாலோ புள்ளி மட்டும் கிடைப்பதில்லை. புள்ளி பெற்ற அணியில் முன்பு ஆட்டமிழந்து வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர், வெளியேறிய வரிசைப்படி உள்ளே வருகிறார். எழுவரும் வெளியேறி ‘லோனா’ ஆனால்கூட, எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளிகள் போகின்றன; அணியோ முழுமையாகத் திரும்பி வந்து ஆடுகிறது. ஆகவே வெளியே இருப்பவர் ஆட்டத்தை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார். கோ-கோவிலும் அப்படித்தான்: விரட்டும் அணியின் எட்டுப் பேர் மாறிமாறித் திசை பார்த்து உட்கார்ந்திருந்தாலும், எந்த நொடியில் முதுகுக்குப் பின்னால் ‘கோ’ என்ற குரல் கேட்குமோ என்று எட்டுப் பேருமே விழித்திருக்கிறார்கள். இத்தனை நுட்பமான ஆட்டங்கள் கையில் இருக்க, ஒவ்வொருவராகக் கழித்துவிட்டு ஒருவரை மட்டும் மிச்சம் வைக்கும் ஆட்டங்களை நாம் ஏன் தேடிப் போக வேண்டும்?

அடுத்து, அணி பிரிப்பது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன். ‘மேலத்தெரு ஓர் அணி, கீழத்தெரு ஓர் அணி’ என்று பிரிப்பது எளிது. பெயர் சொல்லி அழைக்கக்கூடத் தேவையில்லை. ஆனால் நம் ஊர்களில் தெரு என்பது பெரும்பாலும் சாதி என்பது இங்கிருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். அப்படிப் பிரித்த அணிகளுக்கிடையே விழும் ஒரு தவறான தீர்ப்பு மைதானத்தோடு முடிவதில்லை. திருவிழாவரைக்கும், காவல் நிலையம்வரைக்கும் போகிறது. 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முகாமிலிருந்துதான் சாரணர் இயக்கம் வளர்ந்தது. அம்முகாமுக்கு வந்த ஏறக்குறைய இருபது சிறுவர்களில் வசதியான பள்ளிகளில் படித்தவர்களும் இருந்தார்கள், உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களைத் தனித்தனியே வைக்காமல் கலந்து நான்கு குழுக்களாக்கினார் அவர். வர்க்க வேற்றுமை ஊறிப்போன அந்த நாட்டில் அன்று அதைச் செய்ய முடிந்ததென்றால், இன்று நம் மன்றங்களில் செய்ய முடியாது என்று நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், பிறந்த மாதத்தைக் கொண்டு பிரியுங்கள், வரிசையில் நிறுத்தி ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்லுங்கள். இரண்டு தலைவர்களை நிறுத்தி ‘உனக்கு யார் வேண்டும்’ என்று மாறிமாறித் தேர்ந்தெடுக்கச் சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கடைசியாக மிஞ்சுகிறவர் அடுத்த மாதம் வரமாட்டார்.

வயதையும் பார்க்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வரையுள்ள வயதினரை இளைஞர் என்கிறது. பதினைந்து வயதுப் பையனும், கட்டட வேலை செய்து உடம்பு முறுக்கேறிய இருபத்தெட்டு வயது அண்ணனும் ஒரே களத்தில் மோதினால், எலும்பு முறிய அதிக நேரம் ஆகாது. கபடிக்கு எடைவாரியாக அணி பிரியுங்கள். எல்லா வயதினரும் சேர்ந்தாட வேண்டிய நாளில் உடல் மோதாத ஆட்டத்தை வையுங்கள். ‘கொலை கொலையா முந்திரிக்கா’ சின்னப் பிள்ளைகளின் ஆட்டம்தானே என்று தயங்குகிறவர்கள் ஒருமுறை வட்டமாக உட்கார்ந்துதான் பார்க்கட்டும்.

பெண்கள் மன்றக் கூட்டத்தில் பார்வையாளர்களாக மட்டும் இருப்பதற்குக் காரணம் விருப்பமின்மை என்று சொல்லிவிடாதீர்கள். கூட்டம் இருட்டிய பிறகு, ஊருக்கு வெளியே உள்ள மைதானத்தில் நடந்தால் அவர்கள் எப்படி ஆடுவார்கள்? நேரத்தையும் இடத்தையும் முதலில் மாற்றுங்கள். 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியிலேயே மகளிர் கபடி சேர்க்கப்பட்டுவிட்டது. 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலத்தில் சுண்ணாம்புக் கோடு போடப் பள்ளிக்கூடத்து முற்றம் போதும்.

கூட்டத்துக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதில்லை. பால் கறந்துவிட்டு ஒருவர் வருவார், ஷிப்டு முடிந்து ஒருவர் வருவார். எனவே, இடையில் வருகிறவரும் சேர்ந்துகொள்ளக்கூடிய ஆட்டத்தை முதலிலும், ஓடியாடும் ஆட்டத்தை நடுவிலும், மூச்சு ஆறும் ஆட்டத்தைப் பேச்சு தொடங்கும் முன்பும் வைப்பது நல்லது. ஆடும் முன் தரையில் கண்ணாடிச் சில்லும் கருவேல முள்ளும் இல்லையென்று பார்ப்பதும், குடிநீரும் முதலுதவிப் பெட்டியும் பக்கத்தில் இருப்பதும் நடத்துகிறவரின் கடமை.

மழை நாளுக்கும் ஓர் ஆட்டம் தயாராக இருக்க வேண்டும். சமுதாயக் கூடத்துத் தரையில் சாக்பீஸால் ஆடுபுலி ஆட்டக் கட்டத்தைப் பெரிதாக வரையுங்கள். புளியங்கொட்டைக்கும் கல்லுக்கும் பதிலாக மூன்று பேர் புலிகளாகவும் பதினைந்து பேர் ஆடுகளாகவும் புள்ளிகளில் நிற்கட்டும். வெட்டுப்பட்ட ஆடு வீட்டுக்குப் போகாமல், வெளியே நின்று தன் பக்கத்தின் அடுத்த நகர்வைச் சொல்லும் பொறுப்பை ஏற்கட்டும். வெட்டுப்பட வெட்டுப்பட ஆலோசனைக் குழு பெரிதாகும், மிஞ்சிய ஆடுகளுக்குப் புத்தியும் கூடும். தேநீர் இடைவேளைக்குப் பிறகு இந்தக் கூடத்திலேயே அதை வரைந்து ஆடிப் பார்க்கப்போகிறோம். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரே பக்கத்தில் நிற்காமல் பதினெட்டுப் பேர் முன்னே வாருங்கள்.