வீடு மாறும்போது மண்ணைப் பார்த்துக்கொண்டு போங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வீடு மாறுகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, நீங்கள் மட்டும் ராத்திரி ரயிலில் தூங்கிக்கொண்டே போய் இறங்காதீர்கள். முடிந்தால் பகலில், சாலை வழியாகப் போங்கள். மண் மாறுவதைப் பார்த்துக்கொண்டே போங்கள்.

ஓசூரிலிருந்து திருச்செந்தூர்ப் பக்கம் நாங்கள் அப்படித்தான் குடிவந்தோம். 500 கிலோமீட்டருக்கு மேல். லாரி முன்னால், எங்கள் கார் பின்னால். கிருஷ்ணகிரி, தருமபுரி வரை செம்மண்ணும் பாறையும். தொப்பூர் இறக்கத்தில் லாரி ஓட்டுநர் கியரைக் குறைத்து, வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்கினார். மேட்டு நிலத்தின் குளிர்ச்சி அதோடு சரி. சேலத்துக்கு முன்னால் கருப்பூர்ப் பக்கம் வெள்ளை வெளேரென்று மேடுகள் தெரியும். அது மேக்னசைட். இரும்பு உருக்கும் உலைகளுக்கு உள்பக்கம் வைக்கிற செங்கல் அதில்தான் செய்கிறார்கள். அப்புறம் நாமக்கல், பரமத்தி வேலூரில் காவிரிப் பாலம், கரூர், திண்டுக்கல், மதுரை.

மதுரையில் தூத்துக்குடி சாலையைப் பிடித்தோம். அருப்புக்கோட்டை தாண்டி எட்டயபுரம் வரும்போது இரண்டு பக்கமும் கரிசல். அங்கே ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். புரட்டாசி மாதம், மழை இன்னும் விழவில்லை. பக்கத்துக் காட்டில் புழுதி பறக்க விதைத்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "மழையே இல்லையே, இப்போதே விதைக்கிறார்களே ஐயா?" என்று கேட்டேன்.

"மழை பெஞ்ச பெறகு இதுக்குள்ள கால் வைக்க முடியுமா தம்பி? மாடும் எறங்காது, டிராக்டரும் எறங்காது. அதான் இப்பவே போடுதோம்" என்றார்.

"விதை வீணாகிவிடாதா?"

"கொஞ்சம் ஆழமாப் போட்டுட்டா சின்னத் தூத்தலுக்கெல்லாம் முளைக்காது. நல்ல மழைக்குத்தான் எந்திரிக்கும்."

டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், ஒரு கட்டியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். உடைக்கப் பார்த்தேன், உடையவில்லை. குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் தெளித்தார். சற்று நேரத்தில் அதே கட்டி இளகிப்போய் விரல்களில் பசையாக ஒட்டிக்கொண்டது, உதறினாலும் போகவில்லை. கரிசலில் இருக்கும் களி, தண்ணீரை உறிஞ்சி உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிப்பு விடும். கரிசல் காட்டில் வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்துக்கு அவ்வளவு பயப்படுவது அதனால்தான். நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்: மண்ணைத் தொட்டுப் பாருங்கள். அந்த ஊர்க்காரர்கள் எப்போது விதைக்கிறார்கள், எப்படிக் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் காரணம் மண்ணில் இருக்கும்.

தூத்துக்குடி தாண்டினால் உப்பளம். முக்காணியில் தாமிரபரணி. அதையும் கடந்து காயாமொழிப் பக்கம் போனால் தேரி. குங்குமத்தைக் கொட்டிய மாதிரி சிவந்த மணல், அதில் பனை மரங்கள். மணல் துகள்மேல் இரும்புத் துரு பூசியிருப்பதால்தான் அந்தச் சிவப்பு. தென்மேற்குக் காற்று பலமாக அடித்தால் மணல் இடம் மாறும். தேரியைப் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள்.

சரி, தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். கடலோர மணலுக்குள் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலேதான் மிதந்து நிற்கிறது. திருச்செந்தூர் நாழிக்கிணறு கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் நல்ல தண்ணீர் தருகிறது. ஆனால் ஆழமாக போர் போட்டு மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். கடற்கரையில் வீடு பார்க்கிறவர்கள் அக்கம்பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சித்திரை, வைகாசியில் ஒரு தடவை குடித்துப் பாருங்கள். அதற்கப்புறம் அட்வான்ஸ் கொடுக்கலாம். நன்றி, வணக்கம்.