தூக்க நாலு பேர்

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, புதுச்சேரி மக்களே, வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தலைப்பு எல்லாருக்கும் தெரியும். ஓய்வுக்காலத்துக்கு ஏற்றது சொந்த ஊரா, மொரிஷியஸ் போல கடல் சூழ்ந்த ஒரு சின்ன நாடா? நான் சின்ன நாட்டின் பக்கம்.

எனக்கு முன்னால் எதிரணிப் பேராசிரியர் ஐயா பேசினார். விலைவாசி சொன்னார், வைத்தியம் சொன்னார், விசா சொன்னார். அதையெல்லாம் நீங்களே மறந்திருப்பீர்கள். ஆனால் உட்காரப் போகும்போது ஒன்று சொன்னாரே: "கடல் தாண்டிப் போய் உட்காருங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? செத்தால் தூக்க நாலு பேர் வேணுமே, அந்த நாலு பேரை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?" அரங்கம் அதிர்ந்துவிட்டது. இதோ, முன்வரிசைப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கைதட்டினார். ஐயா, நீங்கள் தட்டிய அந்தக் கைக்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

முதலில், "அந்நிய மண்" என்றார் பேராசிரியர். எது அந்நியம்? 1735-இல் அந்தத் தீவுக்குப் பிரெஞ்சு கவர்னராகப் போனவர் லபூர்தொன்னே. அவர் பெயரில் நம் ஊரில் தெருவே இருக்கிறது. அவர் போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்ட ஆள் தேடியபோது கொத்தனாரும் தச்சரும் இங்கிருந்துதான் கப்பல் ஏறினார்கள். 1834-க்குப் பிறகு கரும்புக் காட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களிலும் தமிழர்கள் ஏராளம். இன்றைக்கு அங்கே தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. அந்த நாட்டு ரூபாய் நோட்டில் ஆங்கிலம், அதற்கு அடுத்து தமிழ், அப்புறம் இந்தி. 1998-இல் புது நோட்டு அடித்தபோது இந்தியை மேலே தூக்கித் தமிழைக் கீழே இறக்கிவிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. அரசாங்கம் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, வரிசையை மாற்றிப் புதிதாக அச்சடித்தது. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் குறைந்துபோன ஒரு சமூகம் தமிழுக்காகப் போராடியது நடுவர் அவர்களே!

ஜனத்தொகை? 2011 கணக்கெடுப்பில் நம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் எவ்வளவு பேரோ, ஏறக்குறைய அவ்வளவு பேர்தான் அந்த நாடு மொத்தத்துக்கும். பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம். பிரதமர் ஒருவர், நாடாளுமன்றம் ஒன்று, சொந்த நாணயம், எல்லாம் அதற்குள். ஓய்வுக்காலத்தில் அங்கே தங்க அனுமதி வாங்குவதும் மலையைப் புரட்டும் வேலை அல்ல. 50 வயது ஆகியிருக்க வேண்டும். அவர்கள் சொல்லும் தொகை வெளிநாட்டிலிருந்து அங்குள்ள வங்கிக்கு ஒழுங்காக வரவேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. 10 வருடத்துக்கு அனுமதி தருகிறார்கள். சரி, இந்தக் கணக்கு போதும். நாலு பேர் கணக்குக்கு வருவோம்.

எங்கள் சித்தப்பா ஒரு சொல்தா. இந்த ஊரில் சொல்தா என்றால் விளக்கம் தேவையில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, யூரோவில் பென்ஷன் வாங்கிக்கொண்டு, குருசுக்குப்பத்தில் வீடு கட்டி வாழ்ந்தவர். சர்வீஸில், பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவில் கொஞ்ச காலம் இருந்தார். அங்கிருந்து பக்கத்துத் தீவான மொரிஷியஸுக்கு ஒருமுறை போய் வந்ததிலிருந்து அவருக்கு ஒரே ஆசை, கடைசிக் காலத்தில் அங்கேதான் இருக்க வேண்டும் என்று. பையன் பாரிஸில் வேலைக்குப் போய்விட்டான். ஒருநாள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, சித்தியையும் கூட்டிக்கொண்டு காத்ர் போர்ன் என்கிற ஊருக்குக் கிளம்பிவிட்டார். கோர் தெ கார்த் மலை தெரியும்படி ஒரு வாடகை வீடு. அந்த மலையில் முருகன் கோயில்.

போன புதிதில் புயல் காலம். அங்கே நவம்பரிலிருந்து நம் சித்திரை வரைக்கும் புயல் வரும். எச்சரிக்கை ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஏறும். மூன்று சொல்லிவிட்டால் பஸ் நிற்கும், கடை மூடும், யாரும் வெளியே வரமாட்டார்கள். அன்றைக்குக் காலை மூன்று சொல்லியாகிவிட்டது. ஆனால் வானம் பளிச்சென்று இருக்கிறது. சித்தப்பா எட்டிப் பார்க்கிறார், ஒரு துளி மழை இல்லை. "என்னடி இது, இதுக்குப் போயா கதவைச் சாத்திக்கிட்டாங்க? நான் 2011 தானே புயலைப் பாண்டிச்சேரியில் நின்று பார்த்தவன்" என்று சித்தியிடம் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ரொட்டி வாங்கக் கிளம்பிவிட்டார்.

தெருவில் ஈ காக்கை இல்லை. இவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராணுவ நடை. எதிர்வீட்டு கேட் திறந்தது. எழுபதைத் தொட்ட ஓர் அம்மா. இவர் தோளுக்குக்கூட எட்டமாட்டார். நேரே வந்தார், சட்டையைப் பிடித்தார், இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். அப்புறம் தெருவைத் தாண்டிப் போய்ச் சித்தியையும் அழைத்து வந்தார். "உங்கள் வீட்டு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அது தாங்காது. புயல் போகும் வரை இங்கேதான்" என்று சொல்லிவிட்டார்.

இது சித்தப்பா எனக்குப் போனில் சொன்ன கதை. ஒரு வாரம் கழித்து சித்தி பேசினார். "உங்க சித்தப்பா பாதி மறைச்சுட்டார்டா. அந்தம்மா சட்டையைப் பிடிக்கலை, காதைப் பிடிச்சாங்க. பட்டாளத்துல எவனும் பிடிக்காத காது!" என்றார். சரி, காது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் சித்தப்பா ஊருக்கு வந்தார். காந்தி சிலைப் பக்கம் வாக்கிங் போகும் கூட்டாளிகளிடம் இதே கதையைச் சொன்னார், நானும் பக்கத்தில் இருந்தேன். அந்தக் கதையில் புயல் வந்துவிட்டது, மரம் சாய்ந்துவிட்டது, ஓர் அம்மா நடுத்தெருவில் தவிக்கிறார், எங்கள் சித்தப்பா பாய்ந்துபோய் அவரைத் தூக்கி வீட்டுக்குள் சேர்க்கிறார்! சித்தி நின்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. தன் காதை மட்டும் லேசாகத் தொட்டுக் காட்டினார். சித்தப்பா அப்படியே பேச்சை மாற்றிப் புரோமெனாத்தில் கூட்டம் அதிகமாகிவிட்டது என்றார்!

சிரித்துவிட்டீர்கள். இப்போது அந்த வீட்டுக்குள் வாருங்கள். அன்று ராத்திரி காற்று ஊளையிட்டது. மின்சாரம் போய்விட்டது. அந்த ஒரு ஹாலில் அக்கம்பக்கத்து மூன்று குடும்பங்கள். மெழுகுவர்த்தி, டின் மீன், ரொட்டி. சித்தி எழுந்து கேஸ் அடுப்பைப் பற்றவைத்து ஒரு குண்டான் ரசம் வைத்தார், குழந்தைகள்கூட டம்ளரை நீட்டி வாங்கிக் குடித்தன. அப்போதுதான் அந்த அம்மா சொன்னாராம். 1960 பிப்ரவரியில் கரோல் புயல் அடித்தபோது அவர் சின்னப் பெண். தகர வீடு. கூரை போன பிறகு எதிர்வீட்டுக்காரர்கள்தான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் மேஜைக்கு அடியில் போட்டுக் காப்பாற்றினார்கள். "அன்றைக்கு எங்களுக்குச் செய்தார்கள், இன்றைக்கு நாங்கள் செய்கிறோம்" என்றாராம். அன்றிலிருந்து அந்தத் தெருவே சித்தப்பாவைத் 'தோந்தோன்' என்று கூப்பிட ஆரம்பித்தது. அங்கே மாமா, சித்தப்பா எல்லாருக்கும் அதுதான்.

பேராசிரியர் ஐயா, பெரிய ஆபரேஷன் என்றால் மொரிஷியஸ்காரர்களே சென்னைக்கு வருகிறார்கள் என்றீர்கள். உண்மைதான், வருகிறார்கள், இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தனியாக இருக்கிற கிழவனுக்கு முதல் வைத்தியம் காலையில் ஜன்னல் திறக்கவில்லையே என்று எதிர்வீட்டில் ஒருத்தர் கவனிப்பது. அது அங்கே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். 2020 ஜூலையில் வகாஷியோ என்கிற சரக்குக் கப்பல் அந்தத் தீவின் தென்கிழக்கில் பவளப்பாறையில் ஏறித் தட்டி நின்றது. ஆகஸ்டில் எண்ணெய் கசிந்து கடலைக் கறுப்பாக்கியது. அந்த ஜனங்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கரும்புத் தோகையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து, துணியிலும் வலையிலும் திணித்து, மிதவையாகத் தைத்துக் கடலில் இறக்கினார்கள். தலைமுடியை வெட்டிக் கொடுத்தார்கள், முடி எண்ணெயை உறிஞ்சும் என்று. இந்துவும் முஸ்லிமும் ஆப்பிரிக்க வழிவந்த கிரியோலும் சீனரும் முழங்கை வரை எண்ணெயோடு நின்றார்கள். சித்தப்பாவுக்கு வயதாகிவிட்டது, கடற்கரைக்குப் போக முடியவில்லை. சித்தியின் பழைய புடவைகளைக் கொடுத்தனுப்பினார். கடலைத் தூக்க அத்தனை பேர் வந்த நாட்டில், மனிதனைத் தூக்க நாலு பேர் வரமாட்டார்களா?

சொந்த ஊர் என்கிறீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு டீச்சரம்மா. தெருவில் பாதிப்பேர் அவரிடம் டியூஷன் படித்தவர்கள். இரண்டு பிள்ளைகளும் வெளிநாடு. அம்மா மட்டும் மாடியும் கீழுமாக ஒரு பெரிய வீட்டில். ஒருநாள் பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்தது. மறுநாள் இரண்டு பாக்கெட். மூன்றாவது நாள்தான் கதவைத் தட்டினார்கள். அப்புறம் ஐஸ் பெட்டி வந்தது, பிள்ளைகளுக்கு விமானம் கிடைக்கும்வரை. படித்த பிள்ளைகள் பெங்களூரில், சிங்கப்பூரில். தெருவில் மிச்சம் இருந்தவர்கள் எல்லாரும் அவர் வயதுக்காரர்கள், தூக்கத் தெம்பு இல்லாதவர்கள். கடைசியில் அமரர் ஊர்தி டிரைவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு மூலைக்குத் தோள் கொடுத்தார். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. இது சொந்த ஊரில் நடந்தது ஐயா. பிறந்த தெருவில் நடந்தது.

இப்போது பேராசிரியர் கேட்ட கேள்விக்கு நேரான பதில். எங்கள் சித்தப்பா இறந்துவிட்டார். காத்ர் போர்னில்தான் இறந்தார்.

அந்த நாட்டில் மரணச் செய்தியை வானொலியில் வாசிப்பார்கள். மொரிஷியஸ் வானொலியில் எங்கள் சித்தப்பா பெயரை வாசித்தார்கள். குருசுக்குப்பத்தில் பிறந்தவர் பெயரை அந்தத் தீவு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு அம்மாதான் முதல் ஆளாக வந்து சித்தி பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்தார். சங்கத்திலிருந்து நாற்காலி வந்தது. விடிய விடிய ஆட்கள். டீ, பிஸ்கட் தீரத் தீர யார் வீட்டிலிருந்தோ வந்துகொண்டே இருந்தது. தூக்கம் வராமல் இருக்க வாசலில் டோமினோ ஆடினார்களாம். உடம்பை வீட்டில் வைத்துக்கொண்டு யாரும் தூங்கிவிடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். முருகன் கோயிலிலிருந்து வந்தவர்கள் தேவாரம் பாடினார்கள். ஆங்கில எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடினார்கள். நாக்கு தடுக்கியது. ஆனாலும் ஒரு பதிகத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். சித்தி போனைப் பக்கத்தில் வைத்திருந்தார், நான் இங்கிருந்து கேட்டேன். தாங்க முடியவில்லை நடுவர் அவர்களே, அன்றைக்கும் முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை.

பாரிஸிலிருந்து பையன் வந்து சேர்ந்ததும் எடுத்தார்கள். தெரு முனை வரை தோளிலேயே போனது. ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் வாங்கி, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி. எதிர்வீட்டு அம்மாவின் பேரன் மட்டும் யாருக்கும் தோள் மாற்றித் தரமாட்டேன் என்று கடைசி வரை தூக்கிக்கொண்டு போனான். புயல் அன்று டம்ளரை நீட்டி ரசம் குடித்த பையன் அவன்தான். நாலு பேர் கேட்டீர்களே ஐயா, எண்ணிக்கொள்ளுங்கள்!

பையன் சித்தியை பாரிஸுக்குக் கூப்பிட்டான். நானும் இங்கே வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப் போக ஆள் வருதுடா. அவரை விட்டுட்டு நான் எங்கே வர்றது?" என்றார். தன் பெயரிலேயே அனுமதிக்கு எழுதிப் போட்டு வாங்கிவிட்டார்.

நடுவர் அவர்களே, இங்கே இப்போது இரவு ஒன்பது. அங்கே ஏழரை. அந்த அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சித்தி இதைப் போனில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் சொல்வது அவருக்குப் புரியாது, சித்திதான் சொல்லுவார். காது கதையை மறக்காமல் சொல்லுங்கள் சித்தி. நீங்கள் அங்கேயே இருங்கள், நடுவர் என்ன தீர்ப்பு சொன்னாலும் சரி, கிளம்பி வந்துவிடாதீர்கள். அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தை மாதம் காவடிக்கு நான் வருகிறேன்.

நன்றி, வணக்கம்.